கணக்கில் வராத நான்கு வருடங்கள்

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. கோப்பை கழுவப் போகிறவன்போல எழும்பிக் குசினிக்குப் போய்விட்டேன். கழுவி வைத்த கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன். நீ மேசையில் கணினியை விரித்து வைத்து, புது அனுமதிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாய். "அப்பா, நார்வேயில உங்க குடும்பத்துல யாராவது இருக்காங்களான்னு கேக்குது. இதுல என்ன போடட்டும்?" என்றாய். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவையும் கேட்டாய். எனக்கு முதல் தடவையே கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கணினியை மூடினாய். "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்ப்பா. யோசிச்சுச் சொல்லுங்க" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். இன்றைக்குப் புதன்கிழமை. யோசித்துவிட்டேன். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக் கேள்.

எனக்கு எழுதவும் வராது, வாசிக்கவும் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டு மாஸ்டர் எழுதுகிறார். ஒஸ்லோவில் பியோர்ண்டாலிலுள்ள இந்தக் கட்டடத்துக்கு நானும் அவரும் ஒரே மாதத்தில் குடிவந்தவர்கள். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். இங்கே வந்து பஸ் ஓட்டி ஓய்வெடுத்தவர். நம்முடைய சங்கம் வருடாவருடம் போடுகிற மலருக்கு அவர்தான் பொறுப்பு. என் பேச்சை அப்படியே எழுதினால் தாளில் நன்றாக இராது என்று சொல்லித் திருத்தி எழுதுகிறார். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுத்து இல்லாதவன் எல்லாவற்றையும் தலைக்குள்தான் வைத்திருக்க வேண்டும். யார் எதைச் சொன்னார்கள், அப்போது என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்கள் என்பதுகூட எனக்கு மறப்பதில்லை. மறந்தால் நல்லது என்று நினைக்கிற வயது வந்த பிறகும் மறப்பதில்லை.

இந்தப் பனிக்காலம் தொடங்கின கையோடு ஒருநாள் நீ வேலை முடிந்து லோறென்ஸ்கூக்கிலிருந்து இரண்டு பஸ் மாறி இங்கே வந்தாய். சொல்லாமல் வந்திருந்தாய். மேலங்கியைக் கழற்றாமல் அப்படியே கதிரையில் இருந்தாய். தோளில் பனி கரைந்து கொண்டிருந்தது. "நாலு வருஷமும் கணக்குல இல்லப்பா" என்றாய். எந்தக் கணக்கு என்று கேட்டேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்கு விளங்கப்படுத்தினாய். "என் கம்பெனி சென்னையில இருக்கு. அவங்க என்னைய இங்க வேலைக்கு அனுப்பி வெச்சிருக்காங்க. அப்படி அனுப்பப்பட்டு வந்தவனுக்கு ஒரு வகை அனுமதி. இங்கத்த கம்பெனியே வேலைக்கு எடுத்துக்கிட்டா வேற வகை. அந்த ரெண்டாவது வகையில மூணு வருஷம் இருந்தாத்தான் நிரந்தரமா தங்குறதுக்கு விண்ணப்பமே போட முடியும். முதல் வகையில எத்தன வருஷம் இருந்தாலும் பூஜ்யம்." நான் "அப்பிடியோ" என்றேன். நீ சிரித்தாய். வரி கட்டியிருக்கிறேன், மொழி படித்துச் சோதனை பாஸ் பண்ணியிருக்கிறேன், பனிச்சறுக்கில் விழுந்து கைகூட முறித்திருக்கிறேன், அதெல்லாம் எதில் சேர்த்தி என்று கேட்டுச் சிரித்தாய். நானும் கூடச் சிரித்தேன். தேநீர் போட்டுத் தந்தேன். உனக்குச் சீனி எவ்வளவு என்பதுகூட அன்றைக்கு எனக்குப் பிசகிவிட்டது.

என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். நீ வந்து சொன்ன அந்தச் செய்தி எனக்குப் புதிது இல்லை. அதற்கு இரண்டு வருடம் முந்தியே எனக்குத் தெரியும்.

நகரத்துக்குள் குறொன்லாண்டில் நான் மரக்கறி வாங்குகிற கடையில் கும்பகோணத்துப் பையன் ஒருவனைக் காண்பேன், கார்த்திக் என்று பெயர். உன்னைப்போலக் கணினி வேலைதான். அன்றைக்கு முருங்கைக்காயை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். "அங்கிள், போன வாரம் உங்ககூட வந்தாரே, எங்க ஊர்ப் பேச்சு பேசுறாரே, அவரு யாரு?" என்று கேட்டான்.

"என்ரை பெறாமகன்."

"அப்படின்னா?"

"தம்பியின்ரை மகன்."

"அதுக்கு இவ்வளவு பயங்கரமா ஒரு பேரா? பெறாத மகனா?" என்று சிரித்தான். பிறகு நீ எந்தக் கம்பெனி, எப்படி வந்தாய் என்றெல்லாம் விசாரித்தான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டான். "அங்கிள், அவருகிட்ட உடனே சொல்லுங்க. கம்பெனி அனுப்பி வந்தவங்களுக்கு இங்க நாள் ஓடாது. நான் தெரியாம ரெண்டு வருஷத்த விட்டுட்டேன். இங்கத்த கம்பெனி எதுலயாவது சேர்ந்து அனுமதிய மாத்திக்கச் சொல்லுங்க. எவ்வளவு சீக்கிரம் மாத்துறாரோ அவ்வளவு லாபம்." நான் கேட்டேன்: "மாத்திறதெண்டால் என்ன செய்ய வேணும்?" அவன் சொன்னான்: "புதுசா விண்ணப்பம். ஆதியிலேர்ந்து எல்லாம் கேப்பாங்க. படிப்பு, வேலை, குடும்பம், அப்பா அம்மா யாரு, இங்க யாராவது இருக்காங்களா, எல்லாம்."

அந்தக் கடைசிக் கேள்வியோடு என் காது அடைத்துவிட்டது. முருங்கைக்காய் வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை.

அதே மாதம் நீயாகவே ஒரு செய்தியோடு வந்தாய். ஒஸ்லோக் கம்பெனி ஒன்று உன்னைக் கூப்பிடுகிறது, போகட்டுமா என்று கேட்டாய். அப்போது உனக்கு வகை, நாள் ஒன்றும் தெரியாது. வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இருக்கிற வேலையை விடாதை தம்பி. உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த கொம்பனியைப் பகைக்காதை. விசா விசயத்திலை கை வைச்சால் எங்கை போய் நிக்குமெண்டு சொல்லேலாது. நான் முப்பது வருசத்துக்கு மேலை இஞ்சை இருக்கிறவன் சொல்லுறன்." முப்பது வருடம் இருக்கிறவன் சொன்னதால் நீ கேட்டாய். அந்தக் கம்பெனிக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டாய். அன்றைக்கு நீ மாறியிருந்தால் இந்த நேரம் மூன்றில் இரண்டு வருடம் கழிந்திருக்கும். இப்போது முப்பத்தாறு வயதில், வேறொரு கம்பெனியில், ஒன்று என்று தொடங்கப் போகிறாய். நீ இழந்த நான்கில் இரண்டு உன் அறியாமையால் போனது. மற்ற இரண்டும் நான் தின்றது.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு நான் முதன்முதல் இந்த நாட்டில் விசாரணைக் கதிரையில் இருந்த நாளுக்குப் போகவேண்டும். சண்டைக்கு அஞ்சி வள்ளத்தில் கடல் தாண்டி வேதாரண்யத்துப் பக்கம் வந்து, அங்கே கருவாடு காயவைக்கிற வாடியில் வேலை செய்தபோது உன் அம்மாவைக் கட்டினேன். அம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு. சாட்சிக்கு வாடிக்காரரும் அவர் மனைவியும். பதிவு ஒன்றும் இல்லை. நீ தவழ்ந்து முடித்து எழும்பி நிற்கிற நேரம் நான் ஒரு முகவரைப் பிடித்து இந்தப் பக்கம் புறப்பட்டேன். ஒரு வருடத்தில் உங்கள் இரண்டு பேரையும் கூப்பிடுவதுதான் எண்ணம். விமானம் ஏற்றுவதற்கு முந்தின நாள் முகவர் எனக்குப் பாடம் சொல்லித் தந்தார். பழுப்பு நிறச் சட்டை, மேல் பொத்தான் இல்லை. "இந்தியாவிலை மனிசி பிள்ளை இருக்கெண்டு வாய் திறந்து போடாதை. அங்கை குடும்பம் இருந்தால் அங்கையே போய் இரு எண்டு திருப்பி விட்டுடுவாங்கள். தனி ஆள் எண்டு சொல்லு. பிறகு பாத்துக்கொள்ளலாம்." அவருக்கு அது வேலை. சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

இங்கே அகதிகளை விசாரிக்கிற அறையில் மூன்று பேர் இருந்தோம். அதிகாரி ஒரு பெண், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொடியன், எதிரில் நான். "கலியாணம் முடிச்சிட்டீங்களோ?" என்று அவன் கேட்டான். எச்சிலை விழுங்கிக்கொண்டு "இல்லை" என்றேன். அந்தப் பெண் எழுதினாள். "பிள்ளைகள்?" என்றான். "இல்லை." இரண்டாவதுக்கு எச்சில் விழுங்கத் தேவைப்படவில்லை. அந்தப் பெண் நல்லவள். எனக்குக் கோப்பி தந்தாள். குளிராயிருக்கிறதா என்று கேட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒருவேளை அவள் அதையும் எழுதிக்கொண்டு கோப்பி தந்திருப்பாள் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஒருவேளை திருப்பியும் அனுப்பியிருப்பாள். அது இனித் தெரியப்போவதில்லை.

'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்கிற அந்தப் பிறகு வரவே இல்லை. வடக்கே மீன் தொழிற்சாலையில் ஐந்து வருடம் கத்தி பிடித்தேன். அங்கே என் உடுப்புப் பெட்டியில் என் பெயரை ஒட்டியிருந்தார்கள். தினமும் இரண்டு தடவை பார்த்துப் பார்த்து அந்தப் பெயரின் உருவம் எனக்குப் பழகிவிட்டது. இன்றைக்கும் நான் வாசிக்கிற ஒரே சொல் அதுதான். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பள்ளிக்கூடங்களில் நிலம் துடைத்தேன். கலியாணத் தரகர்கள் வந்தார்கள், வேண்டாம் என்றேன். கோயிலில் எனக்குப் 'பிரமச்சாரி அண்ணை' என்று பெயர் வைத்தார்கள். பந்தியில் எனக்குக் கூடுதலாகப் பாயசம் ஊற்றிவிட்டு, "அண்ணைக்கு வேறை என்ன சந்தோசம் இருக்கு, விடுங்கோ" என்பார்கள். நானும் கோப்பையை நீட்டுவேன்.

இந்த நாட்டுக் கடவுச்சீட்டுக் கிடைத்ததும் முதல் வேலையாக உங்களிடம் வந்தேன். உனக்கு ஒன்பது வயது. கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவிடம் நீ மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது: "இவரு எப்பம்மா போவாரு?" அன்றைக்கு மத்தியானம் உன் அம்மா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டே என் யோசனையைச் சொன்னேன். இதை அவள் உன்னிடம் சொன்னாளோ தெரியாது.

"நாங்கள் இப்ப புதிசாப் பதிஞ்சு கலியாணம் செய்வம். உன்னை மனிசி எண்டு அங்கை கூப்பிடலாம். பிள்ளை உன்ரை முதல் புருசனுக்குப் பிறந்தது எண்டு எழுதுவம். மூண்டு பேரும் ஒண்டா இருக்கலாம்."

"மொத புருசனா? அது யாரு?"

"சும்மா பேப்பரிலை மட்டும்."

"பேப்பர்ல அந்த ஆளு எங்க இருக்கான்னு கேட்டா?"

"செத்துப்போனார் எண்டு எழுதலாம்."

அவள் கையில் இருந்த மீனை முழுதாகச் செதில் எடுத்து முடித்து, தண்ணீரில் அலசி, சட்டியில் போட்டாள். பிறகுதான் பேசினாள். "நான் ஒரு தடவதான் கட்டிக்கிட்டேன். அந்த ஆளு இதோ ஒக்காந்து ரெண்டாவது சோறு வாங்கித் திங்குறாரு. செத்துட்டாருன்னு நான் எழுத மாட்டேன். எம்புள்ளைய அப்பன் இல்லாதவன்னு எழுதித்தான் அந்தப் பனியில வாழணும்னா, அந்தப் பனி எனக்கு வேணாம்." அதற்குப் பிறகு அவளிடம் நான் அந்தக் கதையை எடுக்கவில்லை. கோபத்தில் அல்ல. அவள் சொன்னது சரி என்று அன்றைக்கே தெரிந்தது. சரி என்று தெரிந்துகொண்டும் திரும்பி விமானம் ஏறினேன். இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் விருந்தாளிபோல வந்து போனேன். உன் பள்ளிக்கூடப் பெயர்ப் பதிவில் நீ என் பெயரைத்தான் உன் பெயரோடு சேர்த்து வைத்திருந்தாய். அதை நீயாக ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. உன் கடவுச்சீட்டிலும் அப்படியே இருக்கிறது என்று நீ இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். அறிந்தபோது ஒரு தகப்பனுக்கு வரவேண்டியது எனக்கு வரவில்லை. பயம்தான் வந்தது.

நீ இந்த ஊருக்கு வேலைக்கு வருகிறாய் என்று தொலைபேசியில் சொன்ன அன்று நான் வேலைக்குப் போன பள்ளிக்கூடத்தில் ஒரே நடைபாதையை மூன்று தடவை துடைத்தேன். ஆனால் நீ வந்து என்னோடு தங்கின முதல் மூன்று மாதமும் உனக்கு வந்த கடிதம் எல்லாம் திரும்பிப் போயின. இங்கே பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் போடமாட்டார். "வங்கிக் கார்டு கூட வரலப்பா, பெட்டியில என் பேர ஒட்டிடலாமா?" என்று கேட்டாய். "கட்டடத்துக்காரர் விடமாட்டினம்" என்றேன். கட்டடத்துக்காரரிடம் நான் கேட்கவே இல்லை. என் பெயருக்குக் கீழே உன் பெயரை ஒட்டினால், அதன் பின்பாதியில் என் பெயர் இருக்கும். பார்த்தவன் கேட்பான். நீ உன்னோடு வேலை செய்கிறவனுடைய விலாசத்தைக் கொடுத்தாய். பிறகு கம்பெனி லோறென்ஸ்கூக்கில் வீடு தந்தது, போய்விட்டாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதையும் எழுதுங்கோ என்று மாஸ்டரிடம் சொல்கிறேன்.

கோயிலுக்கு முதல் தடவை உன்னைக் கூட்டிப்போனபோது, வாசலில் வைத்து "இஞ்சை நான் உனக்குப் பெரியப்பா" என்றேன். நீ ஏன் என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு "சரி" என்றாய். உள்ளே போனதும் ஒரு மனிசி கேட்டாள்: "பிரமச்சாரி அண்ணை, ஆர் இது, மூக்கு அப்பிடியே உங்கடை மூக்கெல்லோ?" "தம்பியின்ரை மகன். வம்சத்து மூக்கு" என்றேன். "தம்பியை விட அண்ணைதான் கூட வேலை செய்திருக்கிறார் போலை கிடக்கு" என்று பின்னால் ஒரு கிழவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான்கு வருடம் வெளியில் பெரியப்பா, வீட்டுக்குள் அப்பா என்று பிசகாமல் கூப்பிட்டாய். ஒரு தடவை மட்டும் பிசகியது. போன மாசி மாதம் பஸ் தரிப்பிடத்தில் பனிக்கட்டியில் நான் சறுக்கி விழுந்தபோது, "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாய். சுற்றி நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. என்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டே, "பெரியப்பா, அடி பட்டுச்சா?" என்று திருத்தினாய். இடுப்பு எலும்பு வலித்தது உண்மை. ஆனால் அன்றைக்கு நான் அழுதது அதற்காக அல்ல.

திங்கட்கிழமை காலை நான் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "இருவத்திரண்டு வருசமா மேல்வீட்டிலை இருக்கிறீர். ஏன் காணும் எனக்குச் சொல்லேல்லை?"

"உமக்குச் சொன்னால் சங்கத்துக்கே சொன்ன மாதிரியெல்லோ."

"அதுவும் சரிதான்" என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "நீர் பயப்பிடுறது என்னத்துக்கு? சொல்லும் பாப்பம்" என்றார்.

"பொய் சொல்லி எடுத்த குடியுரிமை எண்டு பறிச்சுப் போடுவாங்கள். இந்த வயசிலை எங்கை போறது?"

செவ்வாய்க்கிழமை அவர் என்னைக் கூட்டிக்கொண்டு, இலவசமாகச் சட்டம் சொல்லித் தருகிற ஓர் இடத்துக்குப் போனார். உன் வயதுகூட இல்லாத ஒரு பெண் இருந்தாள். மாஸ்டர் மொழிபெயர்த்தார். அவள் எனக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என் பழைய விசாரணைக் கோப்பைத் திறந்தாலும் திறப்பார்கள், திறக்காமல் விட்டாலும் விடுவார்கள், உறுதி சொல்ல முடியாது என்றாள். உன்னுடையது வேறு கதை என்றாள். உன் அனுமதி உன் படிப்பையும் வேலையையும் பார்த்துக் கிடைப்பது, தகப்பன் முந்தி என்ன சொன்னார் என்பது தகப்பனின் கோப்பு. அதுவரை நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவள் மாஸ்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து மெதுவாக, எனக்கே விளங்கும்படி நோர்வேஜிய மொழியில் சொன்னாள்: இந்த விண்ணப்பத்தில் உன் மகன் 'இல்லை' என்று போட்டால், அன்றிலிருந்து அது அவனுடைய பொய். மூன்று வருடம் கழித்து நிரந்தரத்துக்குப் போகும்போதும் அதே 'இல்லை'யைத்தான் அவன் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாஸ்டர் ஏதோ கதைத்துக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. நான் என்ன நினைத்தேன் என்றால், அந்த இரண்டு 'இல்லை'யையும் நான் என்னோடு வைத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று இவ்வளவு காலமும் நம்பியிருக்கிறேன். இன்னும் கொஞ்சக் காலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது என்னோடு எரிந்து போய்விடும் என்று. அது அப்படி இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை கோப்பை கழுவிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நான் அதை உன் கையில் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் களைத்துவிட்டது தம்பி. வேலையால் வந்த களைப்பு படுத்தெழும்பினால் போய்விடும். ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு நாளும் நடப்பது வேறு களைப்பு. யாராவது கதவு தட்டினால் முதலில் உன் படத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் திறப்பேன். முழங்கால் ஏலாத இந்தக் காலத்திலும் அந்த ஓட்டம் மட்டும் ஓடுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி குறைவு. ஆனாலும் சில விசயம் சொல்கிறேன். புதுக் கம்பெனி தருகிற ஒப்பந்தத்தை நீயே கடைசி வரி வரைக்கும் வாசி. எந்த வகை அனுமதி, அது எந்த நாளிலிருந்து எண்ணப்படும், பிறகு வேலையின் தன்மை மாறினால் திரும்ப விண்ணப்பிக்க வேண்டுமா என்றெல்லாம் வாய்விட்டுக் கேள். அவர்கள் சொன்னதை எழுத்தில் வாங்கு. வாசிக்கத் தெரிந்த நீ, வாசிக்கத் தெரியாத என்னிடம் வந்து கேட்டதுதான் இரண்டு வருடத்தைக் கொண்டுபோனது. முப்பது வருடம் இருக்கிறவன் சொல்கிறான் என்று யாரையும் நம்பாதே. பயந்தவனிடம் வழி கேட்டால் அவன் தன் பயத்துக்குத்தான் வழி சொல்வான்; உன் பயணம் அவனுக்குத் தெரியாது. அம்மாவைப் போய்ப் பார். இந்த மூன்று வருடத்தில் எவ்வளவு நாள் வெளியில் நிற்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறதாம், அதைக் கேட்டுக்கொண்டு போ. ஆனால் அந்த எல்லையைச் சொல்லிக்கொண்டு போகாமல் மட்டும் இருந்துவிடாதே. நான் அப்படித்தான் ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் வைத்திருந்தேன். உனக்கு மூன்று வருடம் பொறுக்க மனமில்லை, திரும்பிச் சென்னைக்கே போகிறேன் என்றாலும் நான் தடுக்கமாட்டேன். அது உன் முடிவு. நான் சொன்னதைக் கேட்டு மட்டும் இனி ஒன்றையும் செய்யாதே.

மாஸ்டர் இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறார், பெயர் போடாமல் இதை மலரில் போடலாமா என்று. "ஏன் காணும், மலரிலை பக்கம் நிரம்பேல்லையோ?" என்று கேட்டேன். "அதில்லை. அந்தக் கதிரையிலை இருந்து 'இல்லை' எண்டு சொன்னது நீர் மட்டுமில்லை" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். போடட்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தில் யாராவது நோர்வேயில் இருக்கிறார்களா என்றால், ஓம், இருக்கிறார் என்று போடு. என்ன உறவு என்று கேட்டால் தகப்பன் என்று போடு. நானும் சட்டம் சொன்ன அந்தப் பெண்ணிடம் திரும்பப் போய், என் பழைய கோப்பில் நான் சொன்னது பிழை என்று ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை அதில் கையெழுத்து வைக்கிறேன். பிறகு என்ன வருகிறதோ வரட்டும். அது என் கோப்பு. நீ இருக்கிற வீட்டைப் பழைய கம்பெனிக்கு இந்த மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று சொன்னாய். வேறிடம் தேடாதே. விலாசம் கேட்கிற இடத்தில் பியோர்ண்டால் விலாசத்தைப் போடு.

இன்று காலை மாஸ்டர் ஒரு வெள்ளைத் தாளில் உன் முழுப் பெயரையும் கறுப்பு எழுத்தில் பெரிதாக எழுதி, கீழே தபால் பெட்டியில் என் பெயருக்கு அடியில் ஒட்டினார். கட்டடத்துக்காரரிடம் கேட்டோம். இதற்கெல்லாம் ஏன் கேட்கிறீர்கள் என்றார்கள். மாஸ்டர் மேலே போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். இரண்டாவது வரியில் முன்பாதி எனக்குத் தெரியவில்லை. அது நீ என்று விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன். பின்பாதியை யாரும் எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. மேல் வரியில் இருந்ததே அங்கேயும் இருந்தது.